நின்று செல்லும் வண்டி

இத்தாலியில் பொலோஞா நகரத்தையும் புளோரன்ஸ் நகரத்தையும் பிரித்துக்கொண்டு நிற்கும் அப்பெனின் மலைத்தொடரைக் கடப்பதற்கு இன்று மூன்று ரயில் பாதைகள் உண்டு. ரேனோ ஆற்றின் கரையோடு ஏறி, மலையின் வளைவுகளுக்கெல்லாம் இணங்கி, உச்சியை அடைந்து, மறுபுறத்தில் பிஸ்தோயாவை நோக்கிச் சுற்றிச் சுற்றி இறங்குகிற பொரெட்டானா பாதை 1864ஆம் வருஷம் திறக்கப்பட்டது. எழுபது வருஷங்கள் கழித்து, 1934ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், சேத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நுழைந்து மலையின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு பிராத்தோவில் வெளிப்படுகிற திரெத்திஸ்ஸிமா என்ற இரண்டாவது பாதை வந்தது. மூன்றாவதான உயர்வேகப் பாதை 2009இன் கடைசியில் ஓடத் தொடங்கியது. முதல் பாதையில் வண்டி மாறி மாறிப் புளோரன்ஸ் போய்ச் சேர மூன்று மணிக்கு மேல் ஆகும். இரண்டாவதில் ஊருக்கு ஊர் நிற்கும் பிராந்திய வண்டிக்கு ஒன்றரை மணியோ அதற்குச் சற்று அதிகமோ ஆகும். மூன்றாவதில் முப்பத்தேழு நிமிஷம் போதும். ஒரே மலை, ஒரே இரண்டு நகரங்கள், மூன்று விதமான கடத்தல். எந்த வண்டியில் போவது என்று அந்நிய தேசத்தில் பயணச்சீட்டு வாங்கும் இடத்தில் நின்று யோசிக்கும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறெங்கும் கிடைக்குமா என்பது சந்தேகமே.

அந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களை நாம் அறிவோம். நாட்கள் சொற்பம், பார்க்கவேண்டியவை அநேகம் என்போர் விரைவு வண்டியைச் சொல்வார்கள். கைப்பொருள் சொற்பம் என்போர் பிராந்திய வண்டியைச் சொல்வார்கள். இவ்விரண்டும் நியாயமான பதில்கள். இவற்றோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் சமீபகாலத்தில் மூன்றாவதாக ஒரு பதில் பரவி வருகிறது. மெதுவாகப் போவதே மேலான பிரயாணம், ஜன்னலோரத்தில் அமர்ந்து மலையையும் நதியையும் பார்த்துக்கொண்டு போவதே ரசனை, வேகம் என்பது நவீன வாழ்வின் வியாதி என்று சொல்லும் பதில் அது. அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. பிராந்திய வண்டியைத்தான் நான் விரும்புகிறேன், பிறருக்கும் சிபாரிசு செய்கிறேன். ஆயினும் அது மெதுவாகப் போகிறது என்பதற்காக அல்ல, நிற்கிறது என்பதற்காக. மெதுவாகப் போவது வேறு, நின்று போவது வேறு. முன்னது பிரயாணியின் மனநிலையைப் பற்றியது. பின்னது வழியில் இருக்கும் ஊர்களின் உரிமையைப் பற்றியது.

பயணச்சீட்டிலேயே இந்த வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. உயர்வேக வண்டியின் சீட்டில் நாள், மணி, பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும்; அதன் விலையோ முன்கூட்டி வாங்குபவனுக்கு ஒன்று, கடைசி நேரத்தில் வாங்குபவனுக்கு ஒன்று, கூட்டம் அதிகமான நாளில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து ஒரே ஊருக்குப் போகும் இருவர் கொடுத்த பணத்தில் ஒன்றுக்கு இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பது அங்கே சாதாரணம். பிராந்திய வண்டியின் சீட்டில் இருக்கை எண் கிடையாது. இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது கணக்கு; ஒரு மாதத்துக்கு முன் வாங்கினாலும் வண்டி கிளம்புவதற்கு இரண்டு நிமிஷம் முன் வாங்கினாலும் ஒரே விலை. அந்தக் காகிதச் சீட்டை நடைமேடையிலுள்ள சிறு பெட்டியின் வாயில் செருகினால், கறமுற என்று ஒரு சத்தத்துடன் அன்றைய தேதியும் நேரமும் மங்கிய மையில் அதன் ஓரத்தில் பதியும். அப்படிப் பதியாத சீட்டு வண்டியில் செல்லாது. அந்நியர்கள் பலரும் அபராதம் கட்டுவது இந்த இடத்தில்தான். ஆகையால் வண்டியில் ஏறுமுன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் வாங்கும் சீட்டுக்குரிய விதியை ஏறுமுன் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

கடைசி நிமிஷத்தில் ஓடிவந்தவனிடமும் அதே கட்டணத்தையே வாங்குகிற ஏற்பாட்டில் ஒரு தர்மம் இருக்கிறது. நாளைக்கு எந்த வண்டியில் போவோம் என்று இன்றே சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்கள் யார்? வேலை முடியும் நேரம் தம் கையில் இல்லாதவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சாவுச் செய்தி வந்து கிளம்புகிறவர்கள். அவர்களுடைய நிர்ப்பந்தத்தை விலையாக மாற்றாமலிருப்பது பொதுப் போக்குவரத்தின் முதற் கடமை என்று நான் கருதுகிறேன். இத்தாலியில் பிராந்திய வண்டிகளின் பொறுப்பு 1997ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் மாநிலங்களைப் போன்ற பிராந்திய அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எத்தனை வண்டி, எந்த ஊரில் நிற்பது, என்ன கட்டணம் என்பவற்றை அவையே ஒப்பந்தம் செய்து, செலவில் பெரும்பங்கைத் தாமே கொடுக்கின்றன. ஆகவே அந்தச் சீட்டை வாங்கும் அந்நியன், தான் வரி கட்டாத ஒரு தேசத்து மக்களின் வரிப்பணத்தில் ஓடும் வண்டியில் விருந்தாளியாக ஏறுகிறான்.

பொலோஞா நிலையத்தில் இந்தப் பிரிவினையைக் கண்ணாலேயே பார்க்கலாம். உயர்வேக வண்டிகளுக்கென்று 2013இல் திறக்கப்பட்ட நடைமேடைகள் தரைக்கு இருபது மீட்டருக்கும் கீழே, பழைய நிலையத்தின் அடியில், பிரம்மாண்டமான ஒரு கான்கிரீட் பெட்டிக்குள் இருக்கின்றன. நகரும் படிகளில் இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். பொரெட்டானா பாதையில் பொரெட்டா என்ற ஊர்வரை போகும் வண்டியோ மேலே, நிலையத்தின் மேற்கு ஒதுக்கில், நடந்து நடந்து இனி நடைமேடையே இல்லை என்று தோன்றும் இடத்தில் நிற்கும். அங்கே போகும் வழியில், பழைய இரண்டாம் வகுப்புப் பிரயாணிகள் தங்கும் அறையைக் கடக்கிறோம். 1980ஆம் வருஷம் ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை 10.25க்கு அந்த அறையில் வெடித்த குண்டு 85 பேரைக் கொன்றது. சுவரில் விழுந்த பிளவை மூடாமல் கண்ணாடி பதித்து வைத்திருக்கிறார்கள். தரையில் பள்ளம் விழுந்த இடமும் அப்படியே இருக்கிறது. சுவரில் இறந்தவர்களின் பெயரும் வயதும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை அது, விடுமுறைக்குக் கிளம்பிய சாமானியர்களால் நிறைந்த அறை. இன்றும் அந்த அறை பிரயாணிகள் உட்கார்ந்து காத்திருக்கும் இடமாகவே உபயோகப்படுகிறது. விரைவு வண்டிக்குக் கீழே இறங்கிவிடுபவர் இதைக் காணாமலே பொலோஞாவைக் கடந்துவிட முடியும்.

பொரெட்டானா பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ழான் லூயி புரோத்ஷ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்த பாதை அது. பொலோஞாவுக்கும் பிஸ்தோயாவுக்கும் இடைப்பட்ட சுமார் 100 கிலோமீட்டரில் 47 சுரங்கங்கள், 35 பாலங்கள். இத்தாலி என்ற ராஜ்யம் ஏற்பட்டு மூன்றே வருஷங்கள் ஆகியிருந்த சமயத்தில், வடக்கையும் நடுநாட்டையும் மலையின் ஊடாக இணைத்த முதல் ரயில் அதுவே. அடுத்த வருஷம் புளோரன்ஸ் தேசத்தின் தலைநகரமாயிற்று. இன்று நாம் மெதுவான வண்டி என்று சொல்லும் இதுதான் அன்றைய அதிவேகம். கோவேறு கழுதைகளும் தபால் வண்டிகளும் நாட்கணக்கில் ஏறிய மலையை அது சில மணி நேரத்தில் கடக்க வைத்தது. அந்த வேகத்துக்கு என்ஜின் ஓட்டியவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. பிஸ்தோயாவிலிருந்து மலையுச்சியிலுள்ள பிராக்கியாவுக்கு ஏறும் பகுதி ஆயிரத்துக்கு இருபத்தைந்து என்ற விகிதத்தில் உயர்வது; நீராவி என்ஜின்கள் குறுகிய சுரங்கங்களுக்குள் ஊர்ந்தபோது அவற்றின் புகையே அவற்றை ஓட்டியவர்களை மூச்சடைக்கச் செய்தது. சுரங்கத்தின் வாயிலில் பெரிய விசிறிகளை அமைத்து உள்ளே காற்றைச் செலுத்தும் முறையை, சாக்கார்தோ என்ற இத்தாலியப் பொறியாளர் 1890களில் முதன்முதலாகச் செய்துகாட்டியது பிராக்கியாவில்தான். பிற்காலத்தில் அவர் பெயராலேயே அம்முறை உலகெங்கும் அறியப்பட்டது.

நடுப்பகலுக்குப் பின் பொலோஞாவிலிருந்து புறப்படும் பொரெட்டா வண்டி ஒன்றில் ஏறினால், பள்ளிக்கூடம் விட்டு வரும் மாணவர்களால் பெட்டி நிறைந்திருக்கும். முதுகுப் பைகளைத் தரையில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, நாளைய பரீட்சையைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ உரத்துப் பேசிக்கொண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் இருவர் மூவராக அவர்கள் இறங்கிப் போவார்கள். கதவு திறக்கும், ஈரமண்ணின் வாசனையும் ஆற்றின் இரைச்சலும் உள்ளே வரும், கதவு மூடும். ஊரின் பெயர் ஒலிபெருக்கியில் சொல்லப்படும்போது, அந்த ஊர்க்காரர் ஒருவராவது எழுந்து நிற்பார். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இந்த ஊர் இருக்கிறது, இதில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக 200 பேர் ஏறியிருக்கும் ஒரு வண்டி ஒரு நிமிஷம் காத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை அந்த நிறுத்தம் ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்கிறது.

அந்த ஊர்களோ சாமானியமானவை அல்ல. பொலோஞாவை விட்டுச் சில நிலையங்கள் தாண்டியதும், கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்த மார்க்கோனி 1895இல் இளைஞராகத் தம் முதற் சோதனைகளை நடத்திய வீடு பொன்தெக்கியோவில் இருக்கிறது. அவருடைய சமாதியும் அங்கேயே. அடுத்து வரும் சாஸோ என்ற ஊர் அவர் இறந்தபின் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அதைத் தாண்டினால் மார்சபோத்தோ. ரோமாபுரி பெரிய சாம்ராஜ்யமாகுமுன் வாழ்ந்த எத்ருஸ்கர்களுடைய நகரம் ஒன்று, தெருக்கள் நேர்நேராக வெட்டிக்கொள்ளும் திட்டத்தோடு, ஆற்றங்கரை மேட்டில் அஸ்திவாரம் மாத்திரம் மிஞ்சிக் கிடக்கிறது. அதே ஊரின் பெயரை இத்தாலியர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் மறக்கவில்லை. 1944ஆம் வருஷம் செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை, ரேனோவுக்கும் சேத்தாவுக்கும் நடுவிலுள்ள சோலே மலையின் கிராமங்களில் ஜெர்மானிய எஸ்.எஸ். படையினர் 770 பேர் அளவில் கொன்றார்கள். பெண்களும் முதியவர்களும் 200க்கு மேற்பட்ட குழந்தைகளும் அதில் அடக்கம். பொரெட்டானாவும் திரெத்திஸ்ஸிமாவும் இந்த மலைக்கு இருபுறமும் ஓடுகின்றன. உயர்வேகப் பாதை இந்தப் பிரதேசத்தைக் கடந்துசெல்லும் வேளையில் அதன் பிரயாணிக்கு ஜன்னலில் தெரிவது தன் முகம்தான்.

நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பாதையின் அமைப்பு அப்படி. பொலோஞாவிலிருந்து புளோரன்ஸ் வரையுள்ள சுமார் 78 கிலோமீட்டர் உயர்வேகப் பாதையில் 73 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் இருக்கிறது. இடையில் பிரயாணிகள் இறங்க ஒரு நிலையமும் இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய பாதை வளைய முடியாது, ஏற முடியாது, நிற்கவும் முடியாது. ஆதலால் மலையோடு அதற்கு எந்த உடன்படிக்கையும் சாத்தியமில்லை. அந்தச் சுரங்கங்கள் தோண்டப்பட்டபோது முஜெல்லோ என்னும் பள்ளத்தாக்கில் ஊற்றுகளும் ஓடைகளும் கிணறுகளும் வற்றிப்போயின. மலைக்குள்ளிருந்த நீர் சுரங்கத்தின் வழியே வடிந்துவிட்டது. அது பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களில் பல வருஷங்கள் நடந்தன. நம் முப்பத்தேழு நிமிஷங்களுக்கு வழியிலுள்ளவர்கள் தண்ணீரால் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் முந்திய பாதைகள் மாத்திரம் மலையை நோகாமல் கடந்தன என்று எண்ணிவிடக் கூடாது. திரெத்திஸ்ஸிமாவின் நடுவிலுள்ள பெருஞ்சுரங்கம் பதினெட்டரை கிலோமீட்டர் நீளம். இரட்டைப் பாதையுள்ள சுரங்கங்களில் அக்காலத்தில் உலகிலேயே பெரியது அதுதான். நிலவாயு தீப்பிடித்தும், வெள்ளம் புகுந்தும், பாறை சரிந்தும் அதைத் தோண்டியவர்களில் ஏறக்குறைய 100 பேர் மாண்டார்கள். அந்தச் சுரங்கத்தின் மத்தியில், மெதுவான வண்டிகளை ஒதுக்கி விரைவு வண்டிகளுக்கு வழிவிடுவதற்காக ஒரு நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். அதற்கும் மேலே மலைமீது தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட கா தி லாந்தினோ என்ற சிற்றூருக்கும் நடுவே, தோண்டும்போது சாய்வாக வெட்டிய வழியில், 1,800க்கு மேற்பட்ட படிகள். பல வருஷ காலம் அந்த ஊர் மக்கள் அந்தப் படிகளில் இறங்கி மலையின் கர்ப்பத்துக்குள் வந்து வண்டி ஏறினார்கள், மாலையில் திரும்பிவந்து அத்தனை படிகளையும் ஏறி வீட்டுக்குப் போனார்கள். இன்று அங்கே வண்டி நிற்பதில்லை. படிக்கட்டு அமைத்தாவது ஒரு சிற்றூரை ரயிலோடு சேர்க்கவேண்டும் என்று 1934இன் பொறியாளர்களுக்குத் தோன்றியது என்பதையும், 2009இன் பாதைக்கு அப்படியொரு எண்ணம் எழவே இடமில்லை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, வேகம் கூடியதால் எது மாறியது என்பது எனக்கு விளங்குகிறது.

இந்தச் சுரங்கத்தின் வாயிலில் இன்னொரு நினைவும் உண்டு. 1974ஆம் வருஷம் ஆகஸ்ட் 4ஆம் தேதி, நள்ளிரவு தாண்டியபின், ரோமிலிருந்து மியூனிக் சென்றுகொண்டிருந்த இத்தாலிக்குஸ் என்ற விரைவு வண்டியில், அது சுரங்கத்தை விட்டு வெளியேறும் சமயத்தில் சான் பெனதெத்தோ நிலையத்தருகே குண்டு வெடித்து 12 பேர் இறந்தார்கள். சில்வர் சிரோத்தி என்ற 24 வயது ரயில்வே ஊழியர், தாம் தப்பி நின்றும், தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு எரியும் பெட்டிக்குள் பிரயாணிகளைக் காப்பாற்றப் புகுந்து, திரும்பவில்லை. திரெத்திஸ்ஸிமாவில் போகும் பிராந்திய வண்டி அந்தச் சிறு நிலையத்தில் நிற்கிறது.

இனி, விரைவு வண்டிக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். வயதான தாய்தந்தையரோடு போகிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், மறுநாள் விமானம் பிடிக்கவேண்டியவர்கள் அதில் போவதே சரி. மூன்று முறை வண்டி மாறி மூட்டைகளை ஏற்றி இறக்குவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை போகிறவரை ஆகாயவிமானத்திலிருந்து ரயிலுக்குத் திருப்பியது உயர்வேகப் பாதையே, அது நன்மைதான். தூரப் பிரயாணிகளை அது எடுத்துக்கொண்டதால் திரெத்திஸ்ஸிமாவில் பிராந்திய வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடம் கிடைத்தது. அதற்கு முன்னர் விரைவு வண்டி கடந்துபோகட்டும் என்று சிறிய வண்டிகள்தான் ஒதுங்கிக் காத்துக்கிடந்தன.

அதோடு, நாம் அழகென்று கொண்டாடும் தாமதத்தை அங்கே தினமும் அனுபவிப்பவர்கள் கொண்டாடுவதில்லை. பொரெட்டாவிலிருந்து காலை இருட்டில் கிளம்பிப் பொலோஞாவில் வேலை செய்துவிட்டு இரவு திரும்புகிறவனுக்கு ஒற்றைப்பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிஷம் காவியம் அல்ல. குழந்தை தூங்குமுன் வீடு போய்ச் சேர முடியாத பத்து நிமிஷம். பொரெட்டாவில் நம்மை இறக்கிவிட்டு வேறு சிறிய வண்டிக்கு மாறச் சொல்வதிலும் ரசனைக்குரியது ஏதுமில்லை. எமிலியா-ரோமாஞா என்ற பிராந்திய அரசின் ஏற்பாடு அங்கே முடிந்து தஸ்கனி அரசின் ஏற்பாடு தொடங்குகிறது. அதற்கு அப்பால் பிஸ்தோயாவுக்கு வண்டிகள் சொற்பம். ஆகவே மெதுவான வண்டியை நேசிக்கிறேன் என்று சொல்லும் அந்நியன், அந்த வண்டி இன்னும் கொஞ்சம் விரைவாகவும் இன்னும் அதிகத் தடவையும் வரவேண்டும் என்று அதில் போகிறவர்கள் விரும்புவதையும் சேர்த்து நேசிக்கக் கடமைப்பட்டவன். காலை ஏழு மணி வண்டியில் தன் பெரிய பெட்டியை இருக்கைமேல் வைக்காமல் தலைக்கு மேல் ஏற்றிவிடுவதும், அன்றாடம் போகிறவர்கள் தூங்கும்போது தணிந்த குரலில் பேசுவதும் அந்தக் கடமையைச் சேர்ந்தவையே. சுற்றுலாக்காரர்களால் நிரம்பி வழியும் கடலோரப் பாதைகளில், ஊர்க்காரர்கள் தங்கள் வண்டியில் தாங்களே ஏற முடியாமல் நிற்கும் பரிதாபத்தை வேனிற்காலத்தில் காணலாம். பொரெட்டானாவுக்கு அந்தக் கதி வரவில்லை, வரவும் வேண்டாம்.

அதனால், இரண்டு நகரங்களையும் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: போகும்போது எந்த வண்டியில் வேண்டுமானாலும் போங்கள்; திரும்பும்போது மலைமேல் வாருங்கள். புளோரன்ஸிலிருந்து பிஸ்தோயா போய், காலை வண்டியில் மலையேறுவது நல்லது. ஏறுகையில் கீழே விட்டுவந்த சமவெளி ஒரு சுரங்கத்தைக் கடந்ததும் இடப்புறம் தெரியும், அடுத்ததைக் கடந்ததும் வலப்புறம் தெரியும். சமவெளி நகரவில்லை, பாதைதான் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று புரிவதற்குச் சிறிது நேரம் ஆகும். கடல்மட்டத்துக்கு 616 மீட்டர் மேலேயுள்ள பிராக்கியாவில் காற்று குளிர்ந்துவிடும். பொரெட்டாவில் மாறியபின் ரியோலாவில் ஒரு முறை இறங்கவேண்டும். பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ இத்தாலியில் கட்டிய மாதா கோயில் அந்தச் சிற்றூரில், ஆற்றின் அருகே இருக்கிறது. 1966இல் அவர் வரைந்த கட்டடம் 1978இல்தான் பிரதிஷ்டையாயிற்று. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். வளைந்த கான்கிரீட் விலா எலும்புகளுக்கு இடையே, மேலிருந்து வெளிச்சம் சாய்ந்து இறங்கும்படி கூரையைப் படிப்படியாக அமைத்திருக்கிறார். கோயில் திறந்திருக்கும் நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு, பொலோஞாவுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று ரியோலா நிலையத்தின் அட்டவணையில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு.